எண்ணெய் குடித்த தோட்டாக்கள்

ரங்கூன் துறைமுகக் கிடங்கின் எலிகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "எலியைத் தவிர வேறு எதையாவது நீர் வேட்டையாடியது உண்டா?" என்று கார்டு போட்டிருக்கிறார். உண்டு ஐயா. ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லிவிட்டால் இனிமேல் இப்படிக் கேட்கமாட்டீர்.

விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ரங்கூனுக்கு மேற்கே, த்வாண்டே என்ற ஊருக்கு அப்பால், கால்வாய் ஓரமாக ஒரு நெல்வயல். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. பனியில் நனைந்த வைக்கோல் வாசனையும், பக்கத்துச் சூளையிலிருந்து வருகிற புகையும் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

வரப்பில் காசிம் மரைக்காயர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோளில் ரைஃபிள். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் அந்த ஊர்த் தலைவர் உ ஷ்வே தா. எல்லோருக்கும் பின்னால், பானை செய்கிற மா ங்வே என்ற பெண்.

எங்களுக்கு எதிரே, நாற்பது அடி தூரத்தில் ஒரு காட்டுப்பன்றி. கதிரைக் கொத்தாகக் கவ்வி உருவித் தின்றுகொண்டிருந்தது. பெரிய மனிதர் வீட்டுப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவர் மாதிரி அவசரமே இல்லை.

மரைக்காயர் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

'ளொட்' என்றது துப்பாக்கி. பூட்டில் வேறு சாவியைப் போட்டுத் திருகினால் கேட்குமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான்.

பன்றி தலையைத் தூக்கிப் பார்த்தது. மரைக்காயர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பிறகு, "பிள்ளை, இதுக்கு என்னா வந்திச்சு?" என்று கேட்டபடி எங்கள் பக்கம் திரும்பினார். அவர் திரும்பினால் அவர் கையிலிருந்த துப்பாக்கியும் திரும்புமா, இல்லையா? அதன் வாய் முதலில் சூளையைப் பார்த்தது. அப்புறம் உ ஷ்வே தாவின் தலைப்பாகையைப் பார்த்தது. அப்புறம் என் வயிற்றுக்கு வந்துகொண்டிருந்தது.

அது அங்கேயே இருக்கட்டும். நாங்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியோடு வந்த துப்பாக்கி

காசிம் மரைக்காயர் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். ரங்கூனில் எங்கள் தெருவில் கைலியும் சாயத்துணியும் விற்றார். அவர் கடைக்கு மேல் மாடியில்தான் நான் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கடைப் பையன்கள் அப்படிக் கூப்பிட, தெருவே அப்படிக் கூப்பிட்டது. நானும் அப்படியே.

காக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: வெள்ளைக்காரன் குளிக்கிற மாதிரி வெள்ளைப் பீங்கான் தொட்டியில் கால் நீட்டிப் படுத்துக் குளிக்கவேண்டும். சீமைக்குத் திரும்புகிற ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அப்படி ஒரு தொட்டி கிடைத்தது. ஏலம் எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதே சீட்டில் இன்னும் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, பழைய ஒற்றைக் குண்டு ரைஃபிள். மற்றது, பிஸ்கெட் தகரம் நிறையத் தோட்டா.

"துப்பாக்கி எனக்கு வேணாம். தொட்டிய மட்டும் குடுங்க" என்றார் காக்கா.

"மூன்றும் ஒரே சீட்டு. துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொண்டுவந்தால்தான் தொட்டியைத் தூக்கலாம்" என்றார் ஏலக்காரர்.

இப்படித்தான், குளிப்பதற்காக ஒரு மனிதர் துப்பாக்கி லைசென்ஸ் கேட்க நேர்ந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான். அந்த வயதில் இங்கிலீஷில் எழுதுவதென்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. காரணம் என்று போட்டிருந்த இடத்தில் 'தற்காப்பு' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். நான் அரைப் பக்கம் எழுதினேன். மனுதாரர் பரம்பரையாக வேட்டையில் தேர்ந்த குடும்பத்தவர் என்றும், துஷ்ட மிருகங்களால் அல்லல்படும் ஏழைக் குடியானவர்களின் பயிரைக் காப்பதே அவரது நெடுநாள் லட்சியம் என்றும் எழுதினேன். காக்காவின் தகப்பனார் கோரைப்பாய் விற்றவர். மூட்டைப்பூச்சியைத் தவிர அவர் எதையும் கொன்றதாகத் தகவல் இல்லை.

லைசென்ஸ் வந்தது. தொட்டியும் வந்தது. மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டு மேலே ஏற மறுத்துவிட்டது. கடைசியில் கடைக்குள்ளேயே கைலி மூட்டை போட்டு வைத்தார்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒருநாள் சர்க்கார் ஆபீசிலிருந்து காக்காவுக்குக் காகிதம் வந்தது. த்வாண்டேக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பன்றி பயிரை அழிக்கிறது. ஊர்த் தலைவர் மனுப் போட்டிருக்கிறார். பயிர் காப்பதையே லட்சியமாகக் கொண்ட தாங்கள் உடனே போய் ஆவன செய்யவேண்டும். தவறினால் லைசென்ஸ் ரத்தாவதுடன், பொய்யான காரணம் காட்டியதற்கு விளக்கமும் கேட்கப்படும்.

காக்கா காகிதத்தை என் முன்னால் வைத்தார். "எழுதுனது யாரு?" என்றார்.

"நான்தான்."

"அப்போ கெளம்புங்க."

இரண்டு வேட்டைக்காரர்கள்

காக்காவுக்குப் பன்றி ஆகாது. நானோ சைவப் பிள்ளைமார் வீட்டுப் பிள்ளை. முட்டை பொரித்த சட்டியில் சுட்ட அப்பளம்கூடத் தொடமாட்டேன். அப்படிப்பட்ட இரண்டு பேர் பன்றி வேட்டைக்காக ஸ்டீம் லாஞ்சில் ஏறினோம். லாஞ்சில் மூட்டை மூட்டையாக ங்கபி, அதாவது புளிக்கவைத்த மீன் விழுது. நான் த்வாண்டே வரைக்கும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தோட்டாத் தகரத்தைக் காக்கா மடியில் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. ரங்கூன் மழையில் பித்தளை பச்சை பிடித்துவிடும் என்று, இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு தோட்டாவையும் தேங்காய் எண்ணெய் தொட்டு, அடிப்பக்கம் வரைக்கும் அழுத்தித் துடைத்து வைத்திருந்தாராம்.

"பாருங்க பிள்ளை, புதுப் பெண்ணு மாதிரி இருக்குது!" என்றார். நானும் மெச்சினேன். தோட்டாவுக்கு எண்ணெய் விஷம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஊரில் உ ஷ்வே தா எங்களை மரியாதையாக வரவேற்றார். காக்காவை 'உ காசிம்' என்றும், என்னைக் 'கோ பிள்ளை' என்றும் பர்மிய மரியாதைப்படி அழைத்தார். அவருக்குச் சொந்தமாகத் துப்பாக்கி உண்டு. ரிப்பேருக்குப் போய் இரண்டு வருஷமாகத் திரும்பி வரவில்லை. "வந்தாலும் நான் சுடமாட்டேன்" என்றார் அவர். "நான் தினம் புத்தர் முன்னால் பஞ்சசீலம் எடுக்கிறவன். உயிரைக் கொல்கிற பாவம் எங்கள் ஊருக்கு வேண்டாம். அதனால்தான் உங்களை வரவழைத்தோம்."

"சுட்ட பிறகு அந்தப் பன்றியை என்ன செய்வீர்கள்?" என்று நான் கேட்டேன்.

"தின்போம். தின்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

அங்கே எங்களுக்கு அறிமுகமான முகம் ஒன்றே ஒன்று, மா ங்வே. முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. மாதம் இரண்டு முறை எங்கள் தெருவுக்குப் பானை கொண்டுவருவாள். தமிழை எங்கள் தெருவிலேயே கற்றவள். பேரம் பேசுகிறவர்களும் சண்டை போடுகிறவர்களும்தான் அவளுக்கு வாத்தியார்கள். ஆகையால் யாராயிருந்தாலும் 'நீ'தான். எழுதக் கூசுகிற வார்த்தைகளையும் ரொம்பச் சாதாரணமாக, சிரித்த முகத்தோடு சொல்லுவாள்.

திருப்பாதே!

இப்போது வரப்புக்குத் திரும்புவோம். துப்பாக்கியின் வாய் என் வயிற்றைத் தேடி வந்துகொண்டிருந்தது அல்லவா?

"காக்கா! திருப்பாதே! பன்றி பக்கம் வை! வைடா!" என்று பின்னாலிருந்து ஒரு கூச்சல். அதோடு சேர்த்து மா ங்வே காக்காவின் பரம்பரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள்.

ரங்கூனில் காக்காவை யாரும் 'டா' போட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே மனிதர் படக்கென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பினாரோ இல்லையோ, 'டமார்!'

அவர் விசையைத் தொடவே இல்லை. இழுத்துச் சில விநாடி கழித்து, துப்பாக்கி தானாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்த மாதிரி வெடித்தது. எதிர் வரப்பில் ஒரு கூடை சேறு எழும்பி எங்கள் தலையில் கொட்டியது. பன்றி ஓடிவிட்டது. காக்கா மல்லாந்து வயலுக்குள் கிடந்தார்.

வேட்டியை விலக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. இருந்தும் இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.

மா ங்வே வந்து எங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என் புருஷன் ஒரு துரையோட காட்டுக்குப் போனான்" என்றாள். "துரை துப்பாக்கி இப்படித்தான் ளொட்டுனு சொல்லிச்சு. துரை என் புருஷன்கிட்ட குடுத்தான். இவன் உடனே திறந்தான். அப்போ வெடிச்சுது. பின்னால வெடிச்சுது. ஒரு கண்ணு போச்சு."

உ ஷ்வே தா சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"ளொட்டுனா செத்துப்போச்சுன்னு நினைக்காதே. தூங்குது. எப்போ முழிக்கும்னு உனக்குத் தெரியாது. ஆள் இல்லாத பக்கம் வாயை வை. தோளிலேயே வை. ஆடாதே. உள்ளே எட்டிப் பார்க்காதே. ரொம்ப நேரம் இரு. அப்புறம் மூஞ்சியை அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு, மெதுவா திற."

"ரொம்ப நேரம்னா எம்புட்டு நேரம்?" என்றார் காக்கா, மிக அடக்கமாக.

எங்களில் யாரிடமும் கடிகாரம் இல்லை. என்னுடையது சேற்றில் போயிருந்தது.

"சாமி கும்பிடுவியே, அதைச் சொல்லு. முழுசாச் சொல்லு" என்றாள் மா ங்வே.

யாருடைய சாமி என்று கேள்வி வந்தது. காக்காவின் ஓதல் சின்னது என்று உ ஷ்வே தா ஆட்சேபித்தார். பெரியதாகவும் தெரியும் என்றார் காக்கா. நான் பதிகம் ஒன்று சொல்கிறேன் என்றேன். பாடிக் காட்டச் சொன்னார்கள். அதில் நான் நடுவில் அடி மறந்துவிடுகிறேன் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில், மூன்று பேரும் அவரவருடையதை முழுக்கச் சொல்வது, யாருடையது கடைசியில் முடிகிறதோ அதற்குப் பிறகே துப்பாக்கியைத் திறப்பது என்று தீர்மானம் ஆயிற்று. திறந்து எடுத்த தோட்டாவைச் சட்டைப்பையில் போடக்கூடாது, திரும்பப் போட்டுச் சுடவும் கூடாது என்பது மா ங்வேயின் கட்டளை. அதற்கென்று தண்ணீர் நிரப்பிய புதுப் பானை ஒன்றைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் எட்டத்தில், வாய்க்கால் ஓரமாக வைத்தாள்.

ஊர்வலம் நின்றது

மறுநாள் விடியலில் பன்றி வந்தது. காக்கா குறி பார்த்தார். 'ளொட்.'

யாரும் அசையவில்லை. காக்கா ஓதத் தொடங்கினார். உ ஷ்வே தா பாலி மொழியில் தொடங்கினார். நான் அடி மறக்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். மூன்று மொழியும் கலந்து கேட்டதில் பன்றிக்குக் குழப்பம் வந்திருக்கவேண்டும். தின்பதை நிறுத்திவிட்டுக் காதை மடக்கி மடக்கி விரித்தது.

அந்த நேரம் பார்த்துக் கால்வாயில் மேளச் சத்தம். புத்த மடத்துக்குத் துவராடை கொண்டுபோகிற ஊர்வலம், ஆறேழு படகில். துப்பாக்கி நீட்டியிருந்த திசையில்தான் படகுகள் வளைவு திரும்பி வந்தன. மேளத்தைக் கேட்டதுமே பன்றி ஓட்டம் பிடித்தது.

"காக்கா, கீழே! வரப்பைப் பாரு! மெதுவா!" என்றாள் மா ங்வே.

காக்கா ஓதுவதை நிறுத்தாமலே துப்பாக்கியின் வாயை ஒரு விரல் ஒரு விரலாகத் தாழ்த்தி, எதிர் வரப்பின் சேற்றுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் முதல் படகில் இருந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டார்கள். துடுப்புப் போடுகிறவனும் தூக்கிவிட்டான். படகு குறுக்கே திரும்பிப் பின்னால் வந்த படகுகளை மறித்தது. மேளம் நின்றது.

உ ஷ்வே தா ஓதலுக்கு நடுவில் விஷயத்தை உரத்துச் சொன்னார். பிறகு, இடையில் பேசியதால் தம்முடையது செல்லாது என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். முதல் படகில் இருந்த வயதான பிக்கு ஒருவர் நிலைமையைக் கேட்டுவிட்டு, தாமும் சேர்ந்து சொன்னார். அவர் சொல்லவும், ஆறேழு படகுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கால்வாய் முழுக்க அந்த முழக்கம். நடுவே காக்கா, தோளில் ரைஃபிளோடு, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, ஓதிக்கொண்டே இருந்தார். என்னுடையது எப்போதோ முடிந்திருந்தது. சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு காக்கா முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அடியிலிருக்கும் கைப்பிடியை மெல்லக் கீழே இழுத்தார். தோட்டா வெளியே வந்தது. பின்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்ப் பானையில் போட்டார். 'ப்ளுக்' என்று சத்தம் கேட்டதும் படகுகளில் எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ இலையில் சுற்றின ஒட்டரிசிப் பலகாரம் கொடுத்தார்கள். தேங்காய் போட்டது. அன்றைக்கு நான் வாயில் போட்ட முதல் உணவு அது.

இந்தப் பானையைப் பிற்பாடு ரங்கூனுக்குத் தூக்கிவந்து நாங்கள் பட்ட பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெடிக்காத தோட்டாவை ஒப்படைக்க ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம்.

"இது வெடிக்காத தோட்டா என்று எப்படித் தெரியும்?" என்றார் அங்கே இருந்த அதிகாரி.

"சுட்டுப் பார்த்தோம், வெடிக்கலே" என்றார் காக்கா.

"சுட்டாயிற்றென்றால் அது சுட்ட தோட்டா. சுட்ட தோட்டாவை நாங்கள் வாங்குவதில்லை."

"வெடிக்கலேங்க!"

"வெடிக்கவில்லையென்றால் நல்ல தோட்டா. நல்ல தோட்டாவை ஏன் கொடுக்கிறீர்?"

மூன்று நாள் அலைந்து, கடைசியில் பட்டாளத்து ஆயுதசாலையில் ஒரு சீக்கியர்தான் வாங்கிக்கொண்டார். தோட்டாவை முகர்ந்து பார்த்தவர், "இதில் சமையல் செய்தீர்களா?" என்று ஹிந்துஸ்தானியில் கேட்டார். எண்ணெய் உள்ளே இறங்கி மருந்தைக் கெடுத்துவிடும், சிலது வெடிக்காது, சிலது தாமதமாக வெடிக்கும், சிலது பாதி வெடிக்கும் என்று அவர்தான் விளக்கினார். பாதி வெடிப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது என்றார். அதை அவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. எப்படியென்று சொல்கிறேன்.

புஸ்

ஊர்வலம் நின்ற அன்றைக்கே சாயங்கால வெயிலில் பன்றி மூன்றாவது முறையாக வந்தது. இந்தத் தடவை காக்கா நன்றாகவே குறி பார்த்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தது. இழுத்தார்.

'புஸ்.'

ளொட்டும் இல்லை, டமாரும் இல்லை. சைக்கிள் டியூபிலிருந்து காற்று போன மாதிரி ஒரு சத்தம்.

"சுட்டிருச்சு! சுட்டிருச்சு!" என்று காக்கா குதித்தார். இரண்டு நாளில் அவர் இழுத்த நேரத்துக்கே துப்பாக்கி பதில் சொன்னது இதுதான் முதல் தடவை. கைப்பிடியை இழுத்து வெற்றுக் கூட்டைத் தட்டிவிட்டு, இடுப்பு மடியிலிருந்து அடுத்த தோட்டாவை உருவினார்.

பன்றிக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தது, பாவம். தலையைத் தாழ்த்திக்கொண்டு எங்களைப் பார்த்து நேராக ஓடிவந்தது.

"சுடு! உ காசிம், சுடு!" என்று உ ஷ்வே தா பர்மியில் அலறினார். மா ங்வே ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ளொட்டைத்தான் தெரியும். புஸ்ஸைத் தெரியாது.

எனக்கும் தெரியாது. ஆனால் நான் காக்காவுக்கு ஒரு முழம் பின்னால், அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வெடித்தபோது அந்தத் தோளில் விழுந்த உதை அவரை மல்லாத்தித் தள்ளியது. இப்போது தோள் அசையக்கூட இல்லை. எதிரே எங்கேயும் சேறு எழும்பவில்லை. துப்பாக்கியின் வாயில் புகையும் இல்லை; திறந்த பின்வாயில்தான் கொஞ்சம் புகை வந்தது. அப்படியானால் குண்டு எங்கே?

இவ்வளவையும் நிதானமாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். அந்தக் கேள்வி ஒன்றுதான் மண்டையில் பளிச்சென்றது. காக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"போடாதீங்க காக்கா!"

"விடுங்க பிள்ளை! பன்னி வருது!"

"குண்டு போகலே! உள்ளேயே இருக்கு!"

"விடுங்கறேன்ல!"

காக்கா என்னை விடப் பருமன். உதறினார். நான் விடவில்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல், ஜன்மத்தில் செய்யாத காரியம், அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். தோட்டா சேற்றில் விழுந்தது. இருவரும் கட்டிப்புரண்டு வயலுக்குள் விழுந்தோம். எங்கள் மேல் என்னவோ சூடாக, கனமாக, நாற்றத்தோடு தாண்டிப் போயிற்று. என் முதுகில் ஒரு குளம்பு அழுத்திய தழும்பு மாசக்கணக்கில் இருந்தது.

குழிக்குள் இருந்தவர்

தொடர்ந்து தொப்பென்று ஒரு சத்தம். மா ங்வே தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். பானை மண் குழைத்து ஊறப்போட்டிருந்த குழிக்குள் பன்றி விழுந்திருந்தது. வயிறு வரைக்கும் களிமண். காலை எடுக்க முடியவில்லை. திமிறிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றது.

நாங்கள் நால்வரும் சுற்றி நின்றோம். இவ்வளவு நாள் ஊரையே ஆட்டிவைத்த மிருகம் ஒரு அடி தூரத்தில், அசையாமல். யார் கொல்வது?

"நான் மாட்டேன்" என்றார் உ ஷ்வே தா.

"எனக்கு மண் போச்சு. நானா கொல்லணும்?" என்றாள் மா ங்வே.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"வந்ததுக்கு முடிச்சிட்டுப் போயிடறேன்" என்று காக்கா துப்பாக்கியை எடுத்தார். மணிக்கட்டில் என் பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கோபம்.

"காக்கா, சுடுங்க. நான் தடுக்கலே. ஆனா முதல்ல உள்ளே பார்த்துடுவோம்" என்றேன்.

அவர் பின்வாயைத் திறந்து காட்டினார். காலி. நானும் பார்த்தேன், மா ங்வேயும் பார்த்தாள். அவள் ஒரு மூங்கில் சிம்பைச் சீவிக் கொடுத்தாள். காக்கா அதைத் துப்பாக்கியின் வாய் வழியாக உள்ளே விட்டார். பின்பக்கம் வெளியே வரவேண்டியது. வரவில்லை. பாதிக் குழலில் 'டொக்' என்று நின்றது. அழுத்தினார். 'டொக்.'

சிம்பு எதுவரை போயிற்று என்று கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே உருவினார். குழலின் வெளிப்பக்கமாக வைத்து அளந்தார். சிம்பின் நுனி வந்து நின்ற இடத்தில் மரக்கட்டையில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் அப்பியிருந்தது. ஐந்து விரல் பதிந்த சேறு. சுடும்போது அவர் இடது கையால் பிடித்துக்கொள்கிற இடம்.

காக்கா அந்தச் சேற்றின் மேல் இடது கையை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

"அடுத்ததைப் போட்டிருந்தா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, துப்பாக்கியைக் கேட்டாரா தெரியாது. குண்டு அடைத்த குழல் அந்தக் கைக்குக் கீழேயே வெடித்திருக்கும்.

பிறகு துப்பாக்கியைப் பின்வாய் திறந்தபடியே தரையில் வைத்தார். "பலகை இருக்கா?" என்றார் மா ங்வேயிடம்.

சூளைக்குப் பானை அடுக்குகிற பலகை இரண்டு கிடந்தது. அதைக் குழிக்குள் சரிவாக இறக்கினோம். பன்றி ஏறி வரும் என்று எல்லோரும் தூரப் போய் நின்றோம். வரவில்லை. குளிர்ந்த களிமண் அதற்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு காதை ஆட்டியது. நாங்கள் காத்திருந்தோம். உ ஷ்வே தா ஒரு முழுச் சுருட்டைப் பிடித்து முடித்தார்.

பிறகு தனக்குத் தோன்றியபோது அது எழுந்து, பலகையில் நிதானமாக ஏறி வந்து, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மா ங்வேயின் களிமண் எங்கள் நால்வர் மேலும் சரிசமமாக விழுந்தது. வயல் பக்கம் ஒரு தடவை பார்த்தது. எங்களை ஒரு தடவை பார்த்தது. இந்த ஊர் சரிப்படாது என்று நினைத்ததோ என்னவோ, கால்வாயில் இறங்கி, மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நீந்தி, எதிர்க்கரையில் ஏறிக் கோரைக்குள் மறைந்தது.

உ ஷ்வே தா தலைப்பாகையை அவிழ்த்துக் களிமண்ணை உதறினார். "அது இனிமேல் அந்த ஊர்ப் பன்றி" என்றார், ஒரு அதிகாரி தீர்ப்புச் சொல்கிற தோரணையில்.

"அந்தக் கரையும் நமக்குக் காகிதம் போட்ட ஆபீசைச் சேர்ந்ததா?" என்று காக்கா பயந்துகொண்டே கேட்டார்.

"இல்லை. வேறு."

அப்போதுதான் காக்கா சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அது சிரிப்பு இல்லை என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. மா ங்வே ஒரு மூங்கில் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, குழியைச் சரி செய்யப் போய்விட்டாள்.

மறுநாள் காலை லாஞ்சில் அதே ங்கபி மூட்டைகள். எனக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. காக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடித்ததற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இரண்டு ஆண்பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். ரங்கூன் துறை வந்து, லாஞ்சுக்காரன் கயிறு வீசி, பலகை போட்டு, எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் விடவில்லை.